ஒன்பதாம் நாள் சமையல் இல்லை

மகாவலிப் பாலத்தைத் தாண்டிக் குருணாகல் வீதியில் ஏறிய பிறகுதான் கையில் தேங்காய் துருவி இருப்பதைக் கவனித்தேன். ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில், மேசை விளிம்பில் பூட்டித் திருகுகிற சின்னத் துருவி. பையில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவன் நின்று பையைத் திறந்து அடுக்கிக்கொண்டிருக்க மாட்டான். கலகெதரவுக்குப் போகும் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாகியது. கொண்டக்டர் படியில் தொங்கியபடி ஏறச் சொன்னார். வேண்டாம் என்று துருவியை ஆட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, மணியை இரண்டு தரம் அடித்துப் பஸ்ஸைக் கிளப்பிவிட்டார்.

நடந்தால்தான் உடம்பு அடங்கும் என்று தெரியும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு கோபத்தில்தான். அதன் பிறகு பேக்கரி, செங்கல் சூளை, லொறி, கொழும்பில் ஹோட்டல் சமையலறை என்று எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். சம்பளம் சரியில்லை, சாப்பாடு சரியில்லை, சில இடங்களில் ஒரு காரணமும் இல்லை. ஆனால் அன்றைக்கு விட்டு வந்த இடத்தில் சம்பளமும் சரி, சாப்பாடும் சரி. சாப்பாட்டைச் சமைத்ததே நான்தான்.

அது கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கண்டிப் பக்கம் இருக்கிற ஒரு மொத்தப் பலசரக்கு வியாபாரியின் வீடு. எங்கள் ஆட்கள்தான். அவருடைய தகப்பனும் என்னுடைய தகப்பனும் ஒரே மாதிரியான தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அவருடைய தகப்பன் தோட்டத்தைவிட்டு இறங்கி ஒரு கடையில் சாக்கு தூக்கி, பிறகு அந்தக் கடையையே வாங்கினார். என்னுடைய தகப்பன் இறங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வீட்டில் இரண்டு வருடம் சமைத்தேன். வீட்டிலும் கடையிலும் எனக்கு 'இத்தாலி' என்று பெயர். "இத்தாலி, பருப்ப எறக்கியாச்சா?" "இத்தாலிய கூப்புடு, அரிசி மூட்ட வந்திருக்கு."

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. இத்தாலியில் மூன்று கோடைகாலம் வேலை செய்திருக்கிறேன். வரைபடத்தில் அந்த நாடு காலணி மாதிரி இருக்கும் என்பார்கள். நான் இருந்தது குதிகால் பக்கம். தக்காளி பறிப்பது, பெட்டி சுமப்பது, குளிர்காலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவுவது. ஒரு பழைய களஞ்சியத்தில் பதினாறு பேர் படுத்தோம். தண்ணீர் லொறியில் வரும். வராத நாளில் தக்காளியைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் பெரிய துன்பமாகச் சொல்லவில்லை. வேலை என்றால் அப்படித்தான். மூன்றாம் வருடம் எனக்கு முறையான பத்திரங்களும் இருந்தன. முதுகு போய்விட்டது, போதும் என்று தோன்றியது, நானே டிக்கட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் பிடித்து அனுப்பவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் குறை. தக்காளி வயலில் நிமிர்ந்து நின்றால் தூரத்தில் கடல் தெரியும். நீலமாக, துணிக்கரை மாதிரி ஒரு கோடு. மூன்று வருடம் அதைப் பார்த்தேன், ஒருநாளும் அதில் கால் வைக்கவில்லை. வேலை நாளில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, இருந்தாலும் எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒரே ஒரு தடவை கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குத் தக்காளிப் பெட்டி இறக்கப் போனேன். பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தோம். முன்பக்கம் குடைகளை வரிசையாக நட்டு, அதன் கீழ் சனங்கள் படுத்திருந்தார்கள். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

முதலாளி வீட்டில் இத்தாலிப் பேச்சை ஆரம்பித்தது மகள். பரீட்சை பாஸான சந்தோஷத்தில் கைப்பேசியில் படங்களைக் காட்டிக் காட்டித் தகப்பனைச் சம்மதிக்க வைத்தாள். முதலாளி சம்மதித்த உடனே கேட்ட முதல் கேள்வி எந்த ஊர், எத்தனை நாள் என்பதல்ல. "சமையலுக்கு யாரு?" என்பதுதான்.

கண்டிப் பக்கத்து ஆட்கள் ட்ரிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கே போனாலும் பஸ்ஸின் பின்சீட்டில் பெரிய சட்டி, காஸ் அடுப்பு, அரிசி, தேங்காய், கூடவே ஒரு சமையல்காரன். தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து பஸ்ஸை நிறுத்துவார்கள். இவர்கள் குளித்து, ஆடி, பாடி முடிக்கும்போது அவன் சோற்றை இறக்கியிருக்க வேண்டும். கடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு போனால் அது ட்ரிப் இல்லை, பிரயாணம். முதலாளி கதிர்காமத்துக்கும் அப்படித்தான் போனார், நுவரெலியாவுக்கும் அப்படித்தான் போனார். இத்தாலிக்கு வேறு விதமாகப் போக அவருக்குத் தெரியாது.

"இத்தாலி கூட வரட்டும். அவனுக்கு எடமும் தெரியும், பாஷையும் தெரியும்" என்றார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுத் திட்டம் போடுவதே வேலை. என்னையும் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். அந்த வீட்டுக் கதிரையில் நான் உட்கார்ந்தது அப்போதுதான். ஆற்றோரமாக அடுப்பு மூட்டலாமா என்று முதலாளி கேட்டார். பொலிஸ் வரும் என்றேன். அப்படியானால் சர்ச் வளவில்? அங்கேயும் வரும் என்றேன். "என்னாய்யா நாடு அது" என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. குசினி உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுக்கலாம், நான் காலையில் சமைத்துப் பார்சல் கட்டித் தருகிறேன் என்று ஒரு வழி சொன்னேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கடை பூட்டினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்றேன். ரயில் டிக்கட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன் மெஷினில் குத்த வேண்டும், குத்தாவிட்டால் தண்டம் என்றேன். தோள் தெரிகிற சட்டையோடு சர்ச்சுக்குள் விடமாட்டார்கள் என்று மகளிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மரக்கறிக்கு என்ன செய்வது என்று முதலாளி அம்மாவுக்குக் கவலை. அந்த ஊர்க் கத்தரிக்காயைப் பார்த்தால் நம் ஊர்க் கத்தரிக்காயைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்றேன். கருவாடு மட்டும் கொண்டுபோக முடியாது என்றதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் நாள் நாளாக எழுதினேன். என் எழுத்து கோழி கிண்டினது மாதிரி. ஆனால் பதினான்கு நாளும் அதில் இருந்தன. எந்த ஊர், எந்த ரயில், அன்றைக்கு என்ன சாப்பாடு. வீட்டுக் குசினிகளில் உட்கார்ந்து துருவ வசதி இருக்காது என்று, கண்டிச் சந்தையில் தேடி மேசையில் பூட்டுகிற துருவியை என் காசில் வாங்கினேன்.

ஒன்பதாம் நாளைக் குதிகால் பக்கத்துக் கடலுக்கு வைத்தேன். அந்தப் பக்கத்தில் "கடல். சமையல் இல்லை" என்று மட்டும் எழுதினேன். முதலாளி அம்மா அதை வாசித்துவிட்டு, "அன்னைக்கு ஏன் சமையல் இல்ல?" என்று கேட்டார்.

"அன்னைக்கு நானும் குளிக்கணுங்க. பேக்கரிப் பாணும் தக்காளியும் வாங்கிக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், நானும் சிரித்தேன். "அப்ப இத்தாலிக்கும் ஒரு குட வாடகைக்கு எடுக்கணும்" என்றார் முதலாளி. அந்தக் குடையை நான் நம்பினேன்.

விசாவுக்கு ஒரு முகவரைப் பிடித்தார்கள். கண்டி டவுனில் அலுவலகம், கழுத்தில் டை, முப்பது வயது இருக்கும். மகள் என் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். அவர் அதை ஆங்கிலத்தில் டைப் செய்து, மேலே தன் அலுவலகத்தின் பெயரைப் போட்டு, கலர் காகிதத்தில் கொண்டுவந்து வைத்தார். பதினான்கு நாளும் அப்படியே இருந்தன. மதியம் பூட்டுகிற கடைகள், மெஷினில் குத்துகிற டிக்கட் எல்லாமே. ஒன்பதாம் நாளில் கடலும் இருந்தது. சமையல் இல்லை என்பது மட்டும் இல்லை. அதை ஆங்கிலத்தில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டிருப்பார். அப்போதே எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. விசா கிடைத்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். இன்னார் என் வீட்டில் வேலை செய்கிறார், லீவு கொடுக்கிறேன், திரும்பி வந்து வேலையில் சேருவார் என்று முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் என் விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டார்கள். நான் நடந்து வந்த அந்த நாள் காலையில்தான் கையெழுத்து வைப்பதாக இருந்தது.

நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முகவர் குரலைத் தாழ்த்திப் பேசினார், ஆனால் அந்த வீட்டில் குசினிக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். இந்த மாதிரி ஆட்கள் அங்கே போனால் பாய்ந்துவிடுவார்கள் என்றார். ஓடி ஒளிந்து தங்கிவிடுவதற்கு எங்கள் ஊரில் பாய்வது என்பார்கள். ஏற்கனவே அங்கே இருந்த ஆள், வழி தெரியும், பாஷை தெரியும் என்றார். அவன் பாய்ந்தால் கையெழுத்து வைத்த உங்கள் பெயர்தான் கெடும், அடுத்த தடவை உங்கள் குடும்பத்துக்கே விசா கஷ்டம் என்றார். மூன்று மாதமாக எதற்காக என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்களோ, அதே வழியும் பாஷையும் இப்போது எனக்கு எதிராக வந்து நின்றன.

தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். முதலாளி பேனாவை மூடிவிட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி அம்மாதான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். சாமி அறைக்குப் போய்ப் பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கட்டி சூடம்.

"இத அணச்சி ஒரு சத்தியம் பண்ணிருப்பா. திரும்பி வந்துருவேன்னு. அவருக்கும் மனசு ஆறிரும், ஒனக்கும் காரியம் ஆயிரும்."

மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் அது. யாரிடம் கேட்பார்கள்? லயத்தில் ஏதாவது காணாமல் போனால், எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறவனிடம் கேட்பார்கள். அணைத்தால் யோக்கியன். அணைக்காவிட்டால் கள்ளன். மூன்றாவது வழி கிடையாது. ஒரு தடவை எங்கள் லயத்தில் ஒரு சங்கிலி தொலைந்து, கோயில் முன்னால் என் தாயை அணைக்க வைத்தார்கள். அணைத்தார். கையில் கொப்புளத்தோடு அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போனார். சங்கிலி பிறகு தொலைத்தவர்கள் வீட்டுத் தகரக் கூரையின் இடுக்கிலேயே கிடைத்தது. ஒருவர்கூட வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி அம்மா தீப்பெட்டியைத் தேடினார். முகவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் முதலாளியிடம் கேட்டேன்.

"முதலாளி, நீங்க திரும்பி வருவீங்கன்னு எதுல சத்தியம் பண்ணீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு கட இருக்கு. வீடு இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு?"

"போன தடவயும் எனக்கு ஒண்ணும் இல்லிங்க. திரும்பித்தான் வந்தேன்."

"மனசுல ஒண்ணும் இல்லாட்டி அணச்சிட்டுப் போக வேண்டியதுதான? எதுக்கு இவ்வளவு பேச்சு?"

இதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. விசா கொடுக்கிறவன் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன். அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்கு என்ன சொத்து, என்ன வங்கிக் கணக்கு என்று கேட்கத்தான் செய்வான். ஆனால் இரண்டு வருடம் என் கையால் சாப்பிட்டவர், கடைச் சாவியைக் கொடுத்து அனுப்பியவர், ஒரே விதமான லயத்திலிருந்து வந்தவருடைய மகன், அதே கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார். சொத்து இருக்கிறவன் உல்லாசப் பயணம் போவான். இல்லாதவன் போனால் பாயத்தான் போகிறான். கடலில் கால் நனைக்க ஆசைப்படுவதற்கும் ஒரு கடை வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

பாய்வதைப் பற்றி நான் நினைக்கவே இல்லையா என்று கேட்டால், நினைத்தேன். பொய் சொல்லவில்லை. ஒன்பதாம் நாளை எழுதும்போது அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் ஒரு தேநீர் ஆறுகிற நேரம் நினைத்தேன். உடனே முதுகு ஞாபகம் வந்தது, களஞ்சியம் ஞாபகம் வந்தது, நினைப்பு அதோடு முடிந்தது. முகவர் சொல்லியா நான் அதை முடித்தேன்? சூடம் வைத்தா முடித்தேன்?

முதலாளி அம்மா சூடத்தைக் கொளுத்திவிட்டார். அது எரிந்தது. நான் கையை நீட்டவில்லை. அது அந்த முறைக்குள் ஒரு பெரிய தவறு என்று எனக்குத் தெரியும். எரிகிற சூடத்துக்கு முன்னால் சும்மா நிற்கிறவன் கள்ளன்தான், சாமியே சொன்னாலும் அதை மாற்ற முடியாது. சூடம் எரிந்து முடிந்தது. பிறகு முதலாளி, "பாத்தியா" என்றார். மனைவியிடம் சொன்னாரா முகவரிடம் சொன்னாரா தெரியாது. முதலாளி அம்மாவின் கண் கலங்கியிருந்தது. என்னை நம்பியிருந்தார் போலும், இப்போது நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று.

கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. முகவர் என் விண்ணப்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரவாயில்லை, குடும்பத்தின் விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, திட்டம் மிகவும் தெளிவாக இருக்கிறது என்று புகழ்ந்தார். என் திட்டத்தை. நான் குசினிக்குப் போய் அடுப்பை அணைத்தேன், உடுப்பை எடுத்தேன், மேசையிலிருந்து துருவியைக் கழற்றினேன். கொப்பியைக் கேட்கவில்லை. அதுதான் படமாகிக் கலர் காகிதமாகிவிட்டதே. வாசலில் மகள் நின்றாள். "அங்கிள், டிக்கட்ட எந்த மெஷின்ல குத்தணும்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். பழிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். மஞ்சள் நிற மெஷின் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிறகு வழி முழுவதும் ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கலகெதர ஏற்றத்தில் ஏறும்போது பின்னேரம். வேறெங்கே போவது என்று எனக்குக் கேள்வியே இல்லை. கலகெதரவில் ட்ரிப்புக்கும் கல்யாணத்துக்கும் பெரிய சட்டி, அடுப்பு, கரண்டி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். முஸ்லிம், அறுபது வயதுக்கு மேல், ஊரே அவரை நாநா, அதாவது அண்ணன் என்று கூப்பிடும். முதலாளி வீட்டு ட்ரிப்புகளுக்கு அவரிடம்தான் சட்டி எடுப்போம். இத்தாலிக் கதையும் அவருக்குத் தெரியும். சட்டி விமானத்தில் போகாது என்று நான் சொன்னபோது மிகவும் மனம் வருந்தியவர் அவர்.

என்னையும் துருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தம்பி, இத்தாலிக்கி நடந்தா போறீங்க?"

"ஓம் நாநா. குறுக்கு வழி."

தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சூடம் என்றால் அவருக்கு விளங்கவில்லை, விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒரு சட்டியின் அடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அணச்சிப்போட்டு இத்தாலிக்கிப் பெய்த்திருக்கலாமே. ஒரு நிமிஷ சூடு. கடலப் பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பேன். கைய மடக்கிக்கிட்டுத்தான் பாத்திருப்பேன்."

அவர் அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். நான் செய்தது சரி என்றும் அவர் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை எனக்கும் அதில் ஒரு முடிவு இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் குடும்பம் போய் வந்தது, எல்லாம் நன்றாக நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒன்பதாம் நாள் நன்றாக வெயில் அடித்ததாம்.

நாநா சட்டிகளுக்குப் பக்கத்தில் படுக்கப் பாய் கொடுத்தார். காலையில் அவருடைய சட்டிகளை எடுக்க ஒரு பஸ் வந்தது. பக்கத்துத் தையல் தொழிற்சாலைப் பெண்கள், ஐம்பது பேருக்குக் குறையாமல், திருகோணமலைக்கு மூன்று நாள் ட்ரிப். சிங்களப் பிள்ளைகள், நடுவில் சில தமிழ், முஸ்லிம் பிள்ளைகள். அவர்கள் பேசி வைத்திருந்த சமையல்காரருக்கு முதல் நாள் காய்ச்சல். நாநா என்னைக் காட்டினார். தலைவியாக இருந்த பெண் இரண்டு கேள்வி கேட்டாள். சம்பலுக்கு உறைப்புக் கூடவா குறையவா, பஸ்ஸில் பின்சீட்டில் சட்டிகளோடு இருக்க முடியுமா. முடியும் என்றேன். கடல் கிட்டத்தானா என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். சமைக்கிற இடத்திலிருந்து ரோட்டைத் தாண்டினால் கடல் என்றாள். திரும்பி வருவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நாள் சட்டி கழுவ ஆள் வேண்டும், வராமல் எங்கே போவான் என்று நினைத்திருப்பார்கள்.

காலைச் சாப்பாடு பாணும் தேங்காய்ச் சம்பலும். நாநாவின் கடையில் ஆட்கள் உட்காருகிற வாங்கின் விளிம்பில் துருவியைப் பூட்டினேன். வாங்குப் பலகை கொஞ்சம் தடிப்பு, திருகு கடைசிவரை போய் நின்றது. பஸ்ஸில் பாட்டு போட்டுவிட்டார்கள். முதல் தேங்காயை உடைத்துத் தண்ணீரை நாநாவிடம் கொடுத்துவிட்டு, துருவ ஆரம்பித்தேன்.